எஸ்கிமோ என்று எழுதலாமா? வேரில் வசை இல்லாத சொல் எப்படி வசையாகிறது?

ஏட்டுச்சுவடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு படப்புத்தகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். குளிர் நிலங்களில் வாழும் மக்களைப் பற்றிய பழைய புத்தகம் அது. 'எஸ்கிமோ' என்ற சொல் அதில் 31 இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். 'லாப்' 9 இடங்களில்.

லாப் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. ஸ்காண்டினேவிய வடக்கில் வாழும் அந்த மக்கள் தங்களைச் சாமி என்கிறார்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றிலும் அவர்களுடைய நாடாளுமன்றங்களே சாமி என்ற பெயரில்தான் இயங்குகின்றன. தமிழில் வெறுமனே 'சாமி' என்று போட்டால் பிள்ளைகள் கடவுள் என்று படித்துவிடுவார்கள் என்பதால் 'சாமி இன மக்கள்' என்று எழுதியிருக்கிறேன்.

எஸ்கிமோவில்தான் சிக்கிக்கொண்டேன். அதற்குப் 'பச்சை இறைச்சி தின்பவர்' என்று பொருள், அதனால்தான் அது இழிவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது தேடிப் படித்தால், அந்தப் பொருளே தவறு, பனியில் நடக்கப் போட்டுக்கொள்ளும் வலைக்காலணியைப் பின்னுகிறவர் என்பதுதான் மூலப்பொருளாக இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். காலணி பின்னுகிறவர் என்று அழைப்பதில் என்ன இழிவு? வேரில் வசை இல்லையென்றால், மாற்று என்று கேட்பதற்கு வேறு என்ன காரணம்?

பதிப்பாசிரியர், 'பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல் எஸ்கிமோதான், மாற்றினால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே புரியாது' என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் முதன்முதலாக அந்த மக்களைச் சந்திக்கப் போவது என் வரிகளில். அதனால் காரணம் தெரிந்துகொண்டு முடிவெடுக்க விரும்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நேர்க்கோடு பதில்:

என் கருத்து வேறு. கெட்ட எண்ணத்தோடு சொன்னால்தான் ஒரு சொல் வசை. எஸ்கிமோ என்று சொல்கிற நூறு பேரில் எத்தனை பேர் அந்த மக்களை மட்டம் தட்ட நினைக்கிறார்கள்? குளிரில் வாழ்கிறவர்கள், திறமையான வேட்டைக்காரர்கள் என்ற மரியாதைதான் நம் மனத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். 'இந்தியர்' என்பதைவிடப் பெரிய தவறு உண்டா? 1492-இல் கொலம்பஸ் வேறு எங்கோ வந்துசேர்ந்துவிட்டதாக நினைத்து வைத்த பெயர். ஆனால் அமெரிக்கப் பூர்வகுடிகள் 1944-இல் தாங்களே தொடங்கிய பேரவைக்கு 'அமெரிக்க இந்தியர் தேசியப் பேரவை' என்றுதான் பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அதே பெயர்தான். அவர்களே ஏற்றுக்கொண்டு நடக்கும்போது, தூரத்தில் இருக்கிற நாம் ஏன் ஒவ்வொரு சொல்லாகப் பயந்து பயந்து எடுக்க வேண்டும்? உண்மையாகவே கேட்கிறேன், சண்டைக்காக இல்லை.


வடதுருவச்செவிலி பதில்:

நான் எட்டு ஆண்டுகளாக இக்காலுயிட்டில் செவிலியாக வேலை செய்கிறேன். கனடாவின் நுனாவுட் பிரதேசத்தின் தலைநகர். டிசம்பரில் சூரியன் நாலைந்து மணி நேரம் தலைகாட்டினால் அதிகம். இந்த ஊரில் பெரும்பாலானோர் இனுயிட், உங்கள் புத்தகம் எஸ்கிமோ என்று சொல்லும் மக்கள்தான்.

நேர்க்கோடு அவர்களே, 'கெட்ட எண்ணம் இல்லை' என்று நானும் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நினைத்தேன். ஒரு நாள் இரவுப் பணி முடிந்து அம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். முழுக்கத் தமிழ். 'எஸ்கிமோ பாட்டி ஒருத்தர் வந்திருக்காங்க, அவங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியல' என்று சொன்னேன். பக்கத்து நாற்காலியில் எங்கள் மொழிபெயர்ப்பாளர் அக்கா உட்கார்ந்திருந்தார். இனுக்டிடுட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நின்று எங்கள் வேலையையே ஓடவைப்பவர் அவர். நான் பேசிய தமிழில் அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நானே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தன் அப்பாவின் வில்லையைப் பற்றிச் சொன்னார்.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது. 1941 முதல் கனடா அரசு ஒவ்வொரு இனுயிட்டுக்கும் ஒரு சிறிய வட்ட வில்லையைக் கொடுத்தது. ஒரு பக்கம் கிரீடச் சின்னம், அதைச் சுற்றி 'எஸ்கிமோ அடையாளம், கனடா' என்ற எழுத்துகள். மறுபக்கம் எண். கிழக்கில் இருப்பவர்களுக்கு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், மேற்கில் இருப்பவர்களுக்கு 'டபிள்யூ'. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளவோ உடையில் தைத்துக்கொள்ளவோ வேண்டும். இனுயிட்டுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இருக்கும் பெயர்கள் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை, அதனால் எண். அவ்வளவுதான் காரணம்.

இத்தனைக்கும் பெயர் என்பது இங்கே சாதாரண விஷயம் இல்லை. ஊரில் ஒருவர் இறந்தால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். ஆண், பெண் என்ற பேதம் இல்லை. பெயரோடு அந்த மனிதரில் ஏதோ ஒன்று குழந்தைக்குள் வந்துவிடுகிறது என்பது நம்பிக்கை. தன் அம்மாவின் பெயர் வைத்த மகளை 'அம்மா' என்றே கூப்பிடும் பெண்களைப் பிரசவ அறையிலேயே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பெயரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஓர் எண்ணைக் கட்டிவிட்டார்கள். அந்த அக்காவின் அப்பாவுக்கு அரசாங்கத்திடமிருந்து வந்த கடிதங்களில் அந்த எண் இருந்ததாம்.

என் தொழிலோடு ஒட்டிய ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1950-களில் வடக்கில் காசநோய் பரவியபோது, 'சி.டி. ஹோவ்' என்ற கப்பல் கரையோர ஊர்களுக்கு வந்து எல்லோரையும் எக்ஸ்ரே எடுக்கும். நோய் இருந்தால் அப்படியே தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். பலருக்குக் கரையில் நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் தரப்படவில்லை. 1956-இல் இனுயிட் மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தெற்கத்திய மருத்துவமனைகளில் இருந்தார். இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். எண்ணோடும் பிழையாக எழுதிய பெயரோடும் பதிவான அந்த மனிதர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் தெரியவில்லை. 2019 மார்ச்சில் பிரதமர் இதே ஊருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். கல்லறைகளைத் தேடித்தரும் திட்டத்துக்கு 'நனிலாவுட்' என்று பெயர், 'கண்டுபிடிப்போம் வாருங்கள்' என்று பொருள்.

எண்களை ஒழிக்கும் வேலையை ஓர் இனுயிட் மனிதரே செய்தார். ஏப் ஒக்பிக். 1968 முதல் 1971 வரை ஊர் ஊராக, வீடு வீடாகப் போய், 'உங்களுக்கு என்ன குடும்பப்பெயர் வேண்டும்' என்று கேட்டுப் பதிந்தார். அதுவும் அரசாங்கத் திட்டம்தான், குடும்பப்பெயர் என்பதும் வெளியிலிருந்து வந்த ஏற்பாடுதான். ஆனால் இந்த முறை கேட்டுவிட்டு எழுதினார்கள்.

ஏட்டுச்சுவடி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பனிக்காலணியோ பச்சை இறைச்சியோ, அந்த வில்லையைக் கழுத்தில் போட்டிருந்தவருக்கு வேர்ச்சொல் எதற்கு? தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத எல்லோரும் தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் அவருக்கு நினைவிருக்கும். மாற்றிவிடுங்கள். 'இனுயிட்' என்றால் மக்கள் என்று பொருள். ஒருவரைச் சொல்லும்போது 'இனுக்'. 'இனுயிட்கள்' என்று எழுதிவிடாதீர்கள், அதுவே பன்மைதான்.


வேர்ச்சொல் பதில்:

செவிலி அக்கா எழுதியதற்குப் பிறகு நான் வேரைப் பற்றிப் பேசுவது சிறியதாகத்தான் தெரியும். ஆனாலும் கேள்வியில் இருப்பதால் சொல்கிறேன்.

எஸ்கிமோ என்பது இனுயிட் மொழிச் சொல்லே இல்லை. அவர்களுக்குத் தெற்கே லாப்ரடார் பகுதியில் வாழும் இன்னு மக்களின் மொழியிலிருந்து பிரெஞ்சுக்காரர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. (இன்னு வேறு, இனுயிட் வேறு. ஓசை ஒத்திருந்தாலும் உறவில்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள். புத்தகத்தில் கலந்துவிட வேண்டாம்.) ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மொழியியலாளர் ஐவ்ஸ் கோடார்டு அதைத்தான் 'பனிக்காலணி வலை பின்னுபவர்' என்று விளக்கினார். 'பச்சையாகத் தின்பவர்' என்பது ஒஜிப்வே, கிரீ மொழிகளில் ஒலி ஒத்த சொற்களை வைத்துச் சொன்ன விளக்கம்.

ஆனால் கவனியுங்கள். விளக்கம் தவறாகவே இருந்தாலும், அதை நம்பி 'பச்சை இறைச்சி தின்பவன்' என்று ஒருவனைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தால், அந்தக் கேலி உண்மையானது. அகராதியைக் காட்டி அதைத் திரும்பப் பெற முடியாது.

வேருக்கும் வசைக்கும் தொடர்பு வேண்டியதில்லை என்பதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் உண்டு. முதலாவது 'ஸ்குவா'. இன்றைய மாசசூசெட்ஸ் பகுதி மக்களின் மொழியில் அது 'பெண்' என்று மட்டுமே பொருள்படும் சாதாரணச் சொல். குடியேறியவர்கள் அதை எடுத்து, வேறு மொழி பேசும் பூர்வகுடிப் பெண்களையெல்லாம் அந்தச் சொல்லால் அழைத்தார்கள், அப்புறம் ஆபாசமாகவும் ஆக்கினார்கள். அமெரிக்காவில் மலைக்கும் ஓடைக்கும் பள்ளத்தாக்குக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2021 நவம்பரில் உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட் அதை இழிசொல் என்று அறிவித்து ஆணை போட்டார். அந்தத் துறைக்குத் தலைமையேற்ற முதல் பூர்வகுடியினர் அவர், அதுவும் ஒரு பெண். அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் ஏறக்குறைய 650 இடங்களின் பெயர்கள் மாறின.

இரண்டாவதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஐனு மக்கள். 'ஐனு' அவர்களுடைய சொந்தச் சொல், மனிதன் என்று பொருள். 1899-இல் வந்த சட்டம் அவர்களை 'முன்னாள் பூர்விகர்' என்று குறித்தது. அது அதிகாரிகள் வைத்த பெயர். ஆனால் தெருவிலும் வகுப்பறையிலும் அவர்களை அவமதிக்க ஜப்பானியர் பயன்படுத்தியது 'ஐனு' என்ற சொல்லையே. தங்கள் பெயரைத் தாங்களே உச்சரிக்க முடியாத நிலைமை. 1961-இல் அவர்களுடைய சங்கம் தன் பெயரிலிருந்து 'ஐனு'வை எடுத்துவிட்டு 'உடாரி' என்று வைத்துக்கொண்டது. தோழர், உறவினர் என்று பொருள். 2009-இல்தான் மறுபடி ஐனு சங்கம் ஆனது. 48 ஆண்டுகள்! வெளியார் சூட்டிய பெயர் மட்டும்தான் புண்படுத்தும் என்று நினைத்திருந்தேன். சொந்தப் பெயரையே எடுத்து ஒருவர் மேல் எறியலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நேர்க்கோடு அவர்களுக்கு: 'இந்தியர்' பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை மறுக்க மாட்டேன். பல குடிகளின் ஒப்பந்தங்கள், நில உரிமைகள் எல்லாம் அந்தச் சொல்லில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதை அவர்கள் வைத்துக்கொண்டால் அது அவர்கள் முடிவு. கனடாவில் உள்ளவர்கள் வேறு முடிவெடுத்தார்கள். 'தேசிய இந்தியர் சகோதரத்துவம்' என்று இருந்த அமைப்பு 1982-இல் 'முதல் நாடுகளின் பேரவை' ஆனது. ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு முடிவு. அதனால்தான் உலகம் முழுமைக்கும் செல்லுபடியாகும் பட்டியல் ஒன்றைத் தேடுவது வீண்.

தென்னாப்பிரிக்காவில் இன்னும் சிக்கல். டச்சுக்காரர்கள் கொய்கொய் மக்களை 'ஹாட்டன்டாட்' என்றார்கள், அந்த வசை இன்று எங்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. 'புஷ்மென்' என்பதற்குப் பதிலாக மரியாதையாக எல்லோரும் எழுதுவது 'சான்'. ஆனால் 'சான்' என்பதே மாடு வளர்த்த கொய்கொய் மக்கள், மாடில்லாமல் வேட்டையாடிக் கிழங்கு பறித்து வாழ்ந்த அண்டை மக்களுக்கு வைத்த பெயர். அந்த மக்களில் சிலர் 'புஷ்மென்' என்பதையே விரும்புகிறார்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் பொதுச்சொல் தேவைப்படும்போது மட்டும்தான் இந்த இரண்டும் தேவைப்படுகின்றன. அவரவர்க்குச் சொந்தப் பெயர் தனியாக இருக்கிறது.


நேர்க்கோடு பதில்:

வில்லை பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். பதிலுக்கு நன்றி அக்கா. 'எண்ணம் முக்கியம்' என்று சொன்னதை முழுக்கக் கைவிடவில்லை. தெரியாமல் சொன்னவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தெரிந்த பிறகும் அதே சொல்லை அச்சில் போட்டால், என் எண்ணம் நல்லதுதான் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. ஏட்டுச்சுவடி, மாற்றுங்கள்.


ஏட்டுச்சுவடி பதில்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து ஒவ்வோர் இடமாக மாற்றத் தொடங்கினேன். 'தேடி மாற்று' என்று ஒரே சொடுக்கில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், 12-ஆம் இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் தென்மேற்கு அலாஸ்காவைப் பற்றியது. கஸ்கோக்விம் ஆறு, சால்மன் மீன் காயப்போடும் பந்தல்கள். படத்தில் இருப்பவர்களை இனுயிட் என்று எழுதலாமா?


வேர்ச்சொல் பதில்:

எழுதாதீர்கள். நின்றது நல்லதாயிற்று. கஸ்கோக்விம் கரையில் வாழ்பவர்கள் யூப்பிக். 'இனுயிட்' என்ற சொல்லே அவர்கள் மொழியில் கிடையாது. மனிதரைக் குறிக்கும் அவர்களுடைய சொல் 'யுக்', அதோடு 'உண்மையான' என்ற பொருள்தரும் விகுதி சேர்ந்து 'யூப்பிக்'. வடக்கு அலாஸ்காவில் இருப்பவர்கள் இன்யூப்பியாட். கிரீன்லாந்தில் கலால்லிட்.

1977-இல் அலாஸ்காவின் வடமுனை ஊரான பாரோவில் துருவ நாடுகளின் பேராளர்கள் கூடி, தங்களுக்கான பொதுப்பெயராக இனுயிட் என்பதைத் தேர்ந்தார்கள். எபன் ஹாப்சன் என்ற இன்யூப்பியாட் தலைவரின் முயற்சி அது. அந்தக் கூட்டத்தில் பிறந்த அமைப்பில் யூப்பிக் மக்களும் இருக்கிறார்கள், ஆனாலும் பேச்சில் தங்களை இனுயிட் என்று சொல்லிக்கொள்வதில்லை. இரண்டு மக்களையும் ஒன்றாகச் சொல்ல வேறு சொல் இல்லாததால் அலாஸ்காவில் 'எஸ்கிமோ' மற்ற இடங்களைவிட நீண்ட காலம் நிலைத்தது. அங்கே வயதானவர்கள் சிலர் தங்களையே அப்படிச் சொல்வார்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் யூப்பிக் என்று எழுதுங்கள்.

அந்த ஊரும் இப்போது பாரோ இல்லை. 2016-இல் மக்கள் வாக்களித்து, பழைய பெயரான உட்கியாக்விக்குக்குத் திரும்பிவிட்டார்கள்.


ஏட்டுச்சுவடி பதில்:

சரி, ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடம் என்று பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 31-இல் 26 முடிந்தது. கனடாப் பக்கங்கள் 'இனுயிட்', அலாஸ்கா இரண்டு வகை, கிரீன்லாந்துக்குக் 'கலால்லிட்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு அப்புறம் இனுயிட். முன்னுரையில் நாலு வரி சேர்த்தேன்: 'பழைய புத்தகங்களில் எஸ்கிமோ என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். அது மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இந்தப் புத்தகத்தில் இருக்கின்றன.' பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன், ஒப்புக்கொண்டுவிட்டார். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரியாதே என்ற அவருடைய கவலைக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு படம்தான் மனத்தை உறுத்துகிறது. 17-ஆம் பக்கம். கல்லில் ஏதோ செதுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவன், கீழே 'எஸ்கிமோ சிறுவன்' என்று மட்டும் இருக்கிறது. 'இனுயிட் சிறுவன்' என்று மாற்றிவிட்டேன். ஆனால் அவன் கன்னத்தில் விழும் சிரிப்பு வரைக்கும் தெரிகிற படம் அது. அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா?


வடதுருவச்செவிலி பதில்:

நிச்சயம் இருந்திருக்கும், இன்னொருவரிடமிருந்து வந்த பெயராகவும் இருந்திருக்கும்.

நீங்கள் கேட்டதைத்தான் இங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் 2000-களின் தொடக்கத்தில் நுனாவுட் இளைஞர்களோடு சேர்ந்து ஒரு வேலையை ஆரம்பித்தன. காப்பகத்தில் 'எஸ்கிமோ பெண்', 'குழந்தையோடு ஒரு தாய்' என்று மட்டும் எழுதி வைத்திருந்த பழைய படங்களை மடிக்கணினியில் ஏற்றி, ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். 'இது என் அத்தை', 'இது நான்தான்' என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படத்துக்கும் பெயர் ஏறியது. 'பெயரிடும் திட்டம்' என்றுதான் அதைச் சொல்கிறார்கள்.

இந்த ஊரின் கதையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மார்ட்டின் ஃபுரோபிஷர் என்ற ஆங்கிலேயர் 1577-இல் இந்தக் கரையிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கைக்குழந்தை மூவரையும் பிடித்துக்கொண்டு பிரிஸ்டலுக்குப் போனார். சில வாரங்களில் மூவரும் இறந்துபோனார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தது 'அர்னாக்'. இனுக்டிடுட்டில் அர்னாக் என்றால் பெண் என்றுதான் பொருள். பிடித்துக்கொண்டுபோன மனிதரின் பெயரோ 1987 வரை இந்த ஊருக்கே பெயராக இருந்தது, ஃபுரோபிஷர் விரிகுடா என்று. அப்புறம்தான் இக்காலுயிட் ஆனது. மீன்கள் இருக்கும் இடம்.

17-ஆம் பக்கத்துப் படத்தில் இடமோ ஆண்டோ எங்காவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில், புத்தகத்தின் கடைசியில், எங்காவது.


ஏட்டுச்சுவடி பதில்:

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது அக்கா. ஆண்டு இல்லை. 'கேப் டார்செட்' என்று மட்டும்.


வடதுருவச்செவிலி பதில்:

2020-இலிருந்து அந்த ஊருக்குக் கின்ங்கைட் என்று பெயர். உயர்ந்த மலைகள் என்று பொருள். கல் செதுக்குகிறவர்களுக்கும் அச்சுச்சித்திரக்காரர்களுக்கும் பேர்போன ஊர், அதனால் பையன் கையில் கல் இருப்பதில் வியப்பில்லை. நான் சொன்ன மொழிபெயர்ப்பாளர் அக்காவின் அம்மா வழி உறவெல்லாம் அங்கேதான். பதிப்பகத்தில் அனுமதி கேட்டு, படத்தை நன்றாகத் தெரியும்படி எடுத்து எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை பணிக்கு வரும்போது அவரிடம் காட்டுகிறேன்.